விழுந்தார் என்று யார் சொன்னது?

சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை. "குளியலறையில் வழுக்கி விழுந்தார்." இடது முன்கையில் தோல் கிழிந்து, மேல்கை கன்றிப்போய் வந்த 78 வயது அம்மாவின் கேஸ் ஷீட்டில், காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் அதை எழுதினேன். அவசரப் பிரிவில் டிரஸ்ஸிங் பார்க்கும் நர்ஸ் நான். ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ வரிகள் எழுதுவேன்.

அன்றைக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அந்த அம்மா அன்று வாயே திறக்கவில்லை. நான் அவரைப் பார்த்துக் கேட்டேன், பதிலை மகன் சொன்னார். அம்மா தலையாவது அசைத்தாரா என்று இப்போது எனக்கு நினைவில்லை. மகன் சொன்னது என் கையெழுத்தில் ஏறியதும் அது ஆஸ்பத்திரி சொன்னதாக ஆகிவிட்டது. நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது வேறொரு டூட்டி டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடிக்கடி விழுகிறார்" என்று எழுதினார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தலைசுற்றலுக்குச் சோதனை செய்தார்கள். அந்த இரண்டாவது வரி பிறந்ததற்கு என் முதல் வரிதான் காரணம்.

"விழுந்தார்" என்பதற்கும் "விழுந்ததாக மகன் சொல்கிறார்" என்பதற்கும் நடுவில் இரண்டே சொல்தான். அந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. முதியோர் கொடுமையைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பெரிய பெரிய படங்கள் போட்டுக் காட்டுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடிக்காமல் விடுவதும், பெரும்பாலும் இந்த இரண்டு சொல் அளவுள்ள இடத்தில்தான் நடக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

60 வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேரில் ஒருவர், முதியோர் இல்லங்களில் அல்லாமல் சமூகத்தில் வாழும்போதே, ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 24 சம்பவங்களில் ஒன்றுதான் வெளியே தெரியவருகிறது என்றும் அது கணக்கிட்டிருக்கிறது. என் டிரஸ்ஸிங் அறைக்கு ஒரு நாளில் வரும் முதியவர்களை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடங்களில் நான் புகார் அளித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் மற்றவர்கள் யாருடைய கட்டுகளோடு, எந்த வரியோடு வீட்டுக்குப் போனார்கள்?

மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் பார்த்தது. குழந்தைகளை அடிப்பதால் வரும் காயங்களைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 1962-இல் எழுதினார்கள். முதியவர்கள் அடிபடுவதைப் பற்றி பிரிட்டனின் மருத்துவ இதழ்களில் முதல் குறிப்புகள் வர 1975 ஆனது. பதின்மூன்று ஆண்டு இடைவெளி. குழந்தையின் கையில் காயம் இருந்தால் "யார் செய்தது" என்ற கேள்வி சட்டென்று வருகிறது. கிழவியின் கையில் இருந்தால் "வயதாகிவிட்டது" என்ற பதில் அதைவிடச் சட்டென்று வந்துவிடுகிறது.

அந்தப் பதிலில் உண்மையும் இருப்பதுதான் சிக்கல். வயதானவர்களின் தோல் மெலிந்துவிடும், அடியில் இருக்கும் ரத்த நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்க அதிகம் ஒன்றும் இருக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் கதவுப்பிடியில் லேசாக இடித்தால்கூடக் கறுத்துப்போகும். முன்கையின் வெளிப்புறத்தில் தானாகவே ஊதா நிறத்தில் படரும் திட்டுகளை எல்லா வார்டிலும் பார்க்கலாம். எலும்பு தேய்ந்தவருக்குப் படுக்கையில் புரண்டாலே முறிவு வரலாம். புற்றுநோயாலும் எடை குறையும், பட்டினி போட்டாலும் குறையும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் இடத்தை. லாரா மொஸ்கெடா என்ற முதியோர் மருத்துவரும் அவருடைய குழுவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய கண்திறப்பு. தற்செயலாக ஏற்படும் ரத்தக்கட்டுகளைப் பற்றிய ஆய்வு அது. 65 வயதைத் தாண்டிய 101 பேரைத் தினமும் பார்த்து, புதிதாக வந்த ஒவ்வொரு ரத்தக்கட்டையும் மறையும்வரை தொடர்ந்து குறித்தார்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம் கைகால்களில் இருந்தன. கழுத்து, காது, பிறப்புறுப்பு, பிட்டம், உள்ளங்கால், இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே காதுக்குப் பின்னால் ஒரு கன்றலைப் பார்த்தால் என் கை தானாக நின்றுவிடுகிறது.

அதே ஆய்வு என்னிடம் இருந்த ஒரு பழைய நம்பிக்கையையும் உடைத்தது. நிறத்தை வைத்து ரத்தக்கட்டின் வயதைச் சொல்லலாம் என்று படித்திருந்தோம்: சிவப்பு புதிது, மஞ்சள் பழையது. முதல் நாளிலேயே மஞ்சளாக இருந்தவற்றை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நிறத்தைக் குறித்துவைப்பேன், நாளைக் கணக்கிட மாட்டேன்.

பிறகு அதே துறையில், கொடுமைக்கு ஆளானது உறுதியான முதியவர்களைப் பற்றி 2009-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அவர்களுடைய ரத்தக்கட்டுகள் பெரியவை, பாதிப் பேருக்கு மேல் 5 சென்டிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய ஒன்றாவது இருந்தது. முகம், மேல்கையின் பக்கவாட்டு, முதுகு என்று இடங்களும் வேறு. இதில் என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். தற்செயலாக இடித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்கு, ஞாபகமறதி உள்ள பலருக்கும் சேர்த்துத்தான், எப்படி வந்தது என்று தெரிந்திருந்தது. அதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மேல்கையின் உட்புறத்தில் நாலு விரல் பதிந்த மாதிரித் தடம். இரண்டு மணிக்கட்டிலும் கட்டிவைத்த மாதிரிக் கோடு. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியபோது வாங்கிய, முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவு. இவையெல்லாம் கண்ணில் படுபவை. அடிக்காமலே செய்யும் கொடுமையைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம். சர்க்கரை மாத்திரை ஒழுங்காகத் தருகிறோம் என்கிறார்கள், ரத்தத்தில் சர்க்கரை எகிறி நிற்கிறது. எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்கிறார்கள், யாரும் எழுதிக்கொடுக்காத தூக்கமாத்திரை உள்ளே போயிருக்கிறது. படுக்கைப்புண் மிக நல்ல கவனிப்பிலும் வரும். ஆனால் அதன்மேல் காய்ந்து ஒட்டிப்போன பழைய துணியும், உள்ளே வளைந்து சதையில் குத்தும் கால்நகமும், நாக்கு வறண்டு கிடப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால் அதை "வயது" என்று எழுத முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையில் செய்யும் செயல் மட்டும் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் இருக்கிறது, ஒருமுறை நடந்தாலும் அது கொடுமைதான்.

அப்புறம் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட். இவை கூட வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவசரத்தில் விட்டுவிட்டு வருவது சகஜம். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றால், அந்த வீட்டில் அந்த மனிதர் எதையும் பார்க்கவோ கேட்கவோ தேவையில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மா மூன்றாவது தடவை வந்தது ஒரு மழை இரவில். இம்முறை வலது மணிக்கட்டு. பழைய கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தேன். காயம்பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, இன்றைக்குத்தான் விழுந்தார் என்றார் மகன். எக்ஸ்ரே எடுக்கும்போது தேவையில்லாமல் வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. அதைப் பிடித்துக்கொண்டு நானே அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். எடுத்து முடித்த பிறகும் உடனே வெளியே கொண்டுவரவில்லை.

எப்படிக் கேட்பது என்று அப்போது எனக்கு ஓரளவு தெரியும். கனடாவின் மொன்றியல் நகரில் மருத்துவர் மார்க் யாஃபியும் அவருடைய குழுவும் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட ஆறு கேள்விகள் உண்டு. முதல் ஐந்து முதியவரிடம் கேட்பவை, ஆறாவது மருத்துவர் தானே பார்த்துப் பதில் எழுத வேண்டியது. இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குளிக்க, உடுத்த, சாப்பிட, பணம் எடுக்க யாரையாவது சார்ந்திருக்கிறீர்களா என்று சாதாரணமாகத் தொடங்கும். சாப்பாடு, மருந்து, கண்ணாடி, காது கருவி, நீங்கள் பார்க்க விரும்பும் ஆட்கள், இவற்றில் எதையாவது யாராவது தடுத்தார்களா? அவமானமாகவோ பயமாகவோ உணரும்படி யாராவது பேசினார்களா? விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கவோ பணத்தை எடுக்கவோ முயன்றார்களா? யாராவது பயமுறுத்தினார்களா, வேண்டாத விதத்தில் தொட்டார்களா, அடித்தார்களா? அடி கடைசியில்தான் வருகிறது. கதவை மெதுவாகத் தட்டித் திறக்கும் வரிசை அது. தெளிவான நினைவு உள்ளவர்களிடம் சோதித்து உருவாக்கியது, மறதி நோய் உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது.

நான் முதலில் கேட்டது, "கண்ணாடி எங்கம்மா?"

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "எடுத்து வெச்சிருக்கான். மூணு மாசமாச்சு."

அடித்தானா என்று நான் கேட்கவே இல்லை. கண்ணாடியில் தொடங்கி, பூட்டிய அறை, கொடுக்காத மாத்திரை, கையெழுத்துக் கேட்ட காகிதம் என்று அவரே மணிக்கட்டு வரை வந்து சேர்ந்தார். முடிக்கும்போது சொன்னார்: "அவனை ஒண்ணும் செஞ்சுடாதீங்க கண்ணு. அவனுக்கு என்னை விட்டா யாரும் இல்லை."

இந்த வேலையில் கேட்கக் கடினமான வாக்கியம் இதுதான். வதைப்பவர்களில் பலர் பார்த்துக்கொள்ளும் சுமை தாங்காமல் உடைந்தவர்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படியும் இருக்கிறார்கள். ஆனால் பணத்துக்கும் இருக்க இடத்துக்கும் அந்த முதியவரையே நம்பியிருக்கும், குடிப்பழக்கமோ மனநோயோ உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே தெரியாது. தன் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கும் தாயிடம் "தைரியமாகச் சொல்லுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் சொன்னதை யாரிடம் கொண்டுபோவேன், அதற்குப் பிறகு என்னென்ன நடக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்லும் கடமைதான் இருக்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்வதைவிடக் கொடிய துரோகம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புகார் அளிப்பதில் எங்களைத் தடுப்பது பெரும்பாலும் "நிரூபிக்க முடியுமா?" என்ற கேள்வி. நிரூபிப்பது எங்கள் வேலையே இல்லை. புகாரைக் கட்டாயமாக்கியிருக்கும் நாடுகளிலும் மாநிலங்களிலும் சட்டம் பொதுவாகக் கேட்பது நியாயமான சந்தேகத்தை மட்டுமே. நல்லெண்ணத்தோடு புகார் அளித்தவருக்கு, பிறகு அது தவறு என்று தெரிந்தாலும், பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். சீனியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைக்க முடியாது. பல இடங்களில் பார்த்தவர் மேல்தான் அந்தப் பொறுப்பு. யாரிடம் கொடுப்பது, முதியோர் பாதுகாப்புத் துறையா, காவல்துறையா, சமூகநலத் துறையா என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த எண்ணை முதல் சந்தேகம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது தேடக்கூடாது.

தெளிந்த மனத்தோடு ஒருவர் "வேண்டாம்" என்றால்? கட்டாயச் சட்டம் இல்லாத இடங்களில் அந்த முடிவுக்கு எடை உண்டு. அப்போதும் அவரைத் தனியாகக் கேட்டோமா, முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா, பயத்தில் சொல்கிறாரா, இந்த இரவே ஆபத்து இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆபத்து இருந்தால் டிஸ்சார்ஜ் கிடையாது. படுக்க வைக்க ஒரு மருத்துவக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். சந்தேகத்துக்கு உரியவரிடம் போய் "நீதானே செய்தாய்" என்று நர்ஸோ டாக்டரோ மோதக்கூடாது. அவர் அடுத்த தடவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், அல்லது எங்கேயும் கூட்டிப்போக மாட்டார்.

ஒரு தடவை நான் தப்பாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். தன் அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த மகள். அம்மாவின் இரண்டு கையிலும் பிடித்த தடம். விசாரிக்க வந்த சமூகப்பணியாளர் கண்டது, கட்டிலிலிருந்து தூக்க வழி தெரியாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு மகளை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை வேறு. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போனேன். அவர் அழுதது வேறு காரணத்துக்கு: தூக்குவதற்கு ஒரு பெல்ட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் உதவிக்கு ஒரு ஆளும் கிடைத்திருந்தன. அதுவரை யாரும் அவரிடம் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டதில்லையாம்.

எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதியோர் இல்லங்கள் போன்ற பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஓராண்டில் தாங்களே ஏதோ ஒரு கொடுமையைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் திரட்டிய தரவு. அடித்துவிட்டோம் என்று மட்டும் இதற்குப் பொருள் இல்லை. கத்துவது, ஈரத்தோடு கிடக்க விடுவது, ஆள் போதாததால் கட்டிலோடு கட்டுவது, ஊட்ட நேரமில்லாமல் தட்டை எடுத்துவிடுவது. நானும் ஒரு ராத்திரி டூட்டியில், பதினோராவது முறையாகக் கூப்பிட்ட ஒரு ஐயாவின் அழைப்புமணியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்குத்தான். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. சக ஊழியரைப் பற்றிப் புகார் அளிப்பது வெளியாளைப் பற்றி அளிப்பதைவிட நூறு மடங்கு கடினம், ஆனால் படுத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் எதுவும் கிடையாது.

எழுதுவதற்கு இப்போது எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. யார் சொன்னது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கும். முதியவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுவேன், திருத்த மாட்டேன். காயத்தின் இடம், அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றை உடல் படத்தில் குறிப்பேன். சம்மதம் வாங்கி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கட்டுப் போடுவதற்கு முன் படம் எடுப்பேன். காயத்தைத் துடைத்துக் கட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. பாலியல் தாக்குதல் சந்தேகம் இருந்தால் துணிகளைக் காகித உறையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். "அம்மாவுக்குக் கொடுமை நடந்திருக்கிறது" என்று தீர்ப்பு எழுத மாட்டேன். "சொன்ன காரணத்தால் இந்த இடத்தில் இப்படிக் காயம் வருவது கடினம்" என்று டாக்டர் எழுதினால் அதன் எடையே தனி.

1982-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தொடங்கி 2,812 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. மருத்துவர் மார்க் லாக்ஸும் அவருடைய குழுவும் 1998-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்று ஆண்டு முடிவில், கொடுமைக்கு ஆளானதாக எந்தப் புகாரும் வராதவர்களில் 40 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். கொடுமைக்கு ஆளானவர்களில் 9 சதவீதம். நோய், வயது போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. மாரடைப்பு என்றால் ஓடும் வேகத்தில் பாதியாவது இதற்கு நாம் ஓட வேண்டாமா?

அந்த இரவு டூட்டி டாக்டர் அம்மாவை வார்டில் சேர்த்தார். மணிக்கட்டு முறிவு, நீர்ச்சத்துக் குறைவு, காரணம் போதுமானதாக இருந்தது. புகார்ப் படிவத்தை நான் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த அம்மா கேட்டார், "என்ன எழுதியிருக்கே?"

கையில் கொடுத்தேன். பிறகுதான் கண்ணாடி இல்லாதது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கதவருகே நின்றபோது மகன் தன்னைத் தள்ளிவிட்டதாக" என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"தள்ளலை. இழுத்தான்."

ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே "இழுத்ததாக" என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் நேரமும் போட்டேன். மறுபடி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இம்முறை அவர் கையை உயர்த்தவில்லை.